நினைவாற்றல் ஒன்றல்ல, பல



உளவியல் பாடத்தில் முதலாண்டு மாணவர் எவரும் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்தே தீர வேண்டும். குறுகிய கால நினைவு, நீண்ட கால நினைவு, செயல்படு நினைவு, நிகழ்வு நினைவு, பொருள் நினைவு, மீட்டல், மனவரைவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம், இரண்டு மதிப்பெண். தேர்வு முடிந்த கையோடு பட்டியலும் போய்விடுகிறது. வருந்த வேண்டிய விஷயம் இது. அந்தப் பட்டியலின் சொற்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். ஒருவருடைய வாழ்க்கையே அதற்கு விலையாகப் போயிருக்கிறது. அவர்களைத் தெரிந்துகொண்டால் சொற்கள் தாமாகப் புரியும். வகுப்பறையிலும் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் நினைவைப் பற்றி நாம் கொண்டிருக்கும் நம்பிக்கைகளில் எவை தேறும், எவை தேறாது என்பதும் விளங்கும்.

ஹென்றி மோலைசனிடமிருந்து தொடங்குவதுதான் முறை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1926இல் பிறந்தவர். பத்து வயதில் சிறு வலிப்புகள் வரத் தொடங்கின. பதினைந்தாவது வயதில் பெரும் வலிப்பு. மருந்தை எவ்வளவு கூட்டியும் அடங்கவில்லை. வேலைக்குப் போய்வருவதே இயலாத காரியமாயிற்று. 1953 செப்டம்பர் 1 அன்று ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற மூளை அறுவை மருத்துவர் அவருடைய மண்டையின் இரு பக்கமும் பொட்டு மடல்களின் உட்பகுதியை எடுத்துவிட்டார். ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பின் கணிசமான பகுதி அதோடு போயிற்று. அது என்ன வேலை செய்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெளிவாகத் தெரியாது. ஹென்றிக்கு அப்போது 27 வயது.

வலிப்பு பெருமளவு குறைந்தது. ஆனால் மருத்துவமனையில் கழிப்பறைக்குப் போகும் வழி அவருக்கு மனத்தில் நிற்கவில்லை. தினமும் கவனித்துக்கொண்ட ஊழியர்களை அடையாளம் தெரியவில்லை. பின்னாளில் குடும்பம் அதே தெருவில் சற்றுத் தள்ளி வேறு வீட்டுக்குக் குடிபோனது. பத்து மாதம் ஆகியும் புதிய முகவரி அவருக்குப் படியவில்லை; பழைய முகவரியைப் பிசகாமல் சொன்னார். படித்த பத்திரிகையையே மறுபடி மறுபடி எடுத்துப் புதிதாகப் படித்தார். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மாண்ட்ரியல் நரம்பியல் கழகத்திலிருந்து பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் 1955 ஏப்ரலில் அவரைச் சோதிக்க வந்தார். இன்று என்ன தேதி என்றதற்கு, 1953 மார்ச் என்றார் ஹென்றி. வயது 27 என்றார். சோதனை அறைக்குள் நுழைவதற்குச் சற்று முன்புதான் ஒரு மருத்துவரிடம் பேசிக்கொண்டிருந்தார். அப்படி யாரிடமும் பேசிய ஞாபகமே அவருக்கு இல்லை. அறிவுத்திறன் சோதனையிலோ 112 மதிப்பெண் எடுத்தார். சராசரிக்கு மேல்! பேச்சில் குறை இல்லை, நகைச்சுவை இருந்தது, மரியாதை இருந்தது.

மில்னர் அவரிடம் ஒருமுறை 584 என்ற எண்ணைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். தொந்தரவு இல்லாமல் தனியே விட்டார்கள். கால்மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு கேட்டபோது தயக்கமில்லாமல் 584 என்றார். எப்படி முடிந்தது என்று கேட்டதற்கு அவர் காட்டிய கணக்கு இது: எட்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஐந்து, எட்டு, நான்கு சேர்ந்தால் 17. அதில் எட்டைக் கழித்தால் ஒன்பது. ஒன்பதைப் பாதியாகப் பிரித்தால் ஐந்தும் நான்கும். ஆகவே 584. இத்தனை நேரமும் அந்தச் சிறு கணக்கை உள்ளுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். கவனம் வேறு பக்கம் திரும்பி ஓரிரு நிமிடம் ஆனதும் எண்ணும் போயிற்று, எண் ஒன்றைச் சொன்னார்கள் என்பதும் போயிற்று.

குறுகிய கால நினைவு வேறு, நீண்ட கால நினைவு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. முதலாவது ஹென்றியிடம் பழுதில்லாமல் இருந்தது. அதிலிருப்பதை இரண்டாவதுக்குக் கொண்டுபோகும் வழிதான் அறுபட்டிருந்தது. அந்த வழிக்குப் பாடநூலில் வழங்கும் பெயர் உறுதிப்பாடு. புதிதாக வந்த தகவல் மூளையில் ஊன்றி நிலைபெறும் வினை அது, அதற்கு ஹிப்போகேம்பஸ் தேவை. சிறு வயதில் ஊன்றியவை ஹென்றியிடம் தங்கியிருந்தன. அறுவைக்கு முந்தைய சில ஆண்டுகளின் நினைவு மட்டும் கலங்கியிருந்தது.

இன்னொரு சோதனை உளவியலையே திருப்பிப் போட்டது. இரட்டைக் கோட்டில் வரைந்த ஒரு நட்சத்திரம். அந்த இரு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். ஆனால் கையையும் தாளையும் நேராகப் பார்க்கக் கூடாது, எதிரிலுள்ள கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்க்கலாம். வீட்டில் செய்து பாருங்கள், மூலை வந்ததும் கை எதிர்ப்பக்கம் போகும். ஹென்றி மூன்று நாள் இந்தப் பயிற்சியைச் செய்தார். நாளுக்கு நாள் பிழை குறைந்தது. மூன்றாம் நாள் கோடு பிசகாமல் வரைந்தார். ஆனால் அந்த நட்சத்திரத்தை அதற்கு முன் பார்த்ததாகவே அவருக்கு நினைவில்லை. கடினமாக இருக்கும் என்று நினைத்தது இவ்வளவு எளிதாக வருகிறதே என்று அவரே வியந்தார்.

கைக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. சைக்கிள் ஓட்டுவது, தட்டச்சு செய்வது, வீணையில் விரல் ஓடுவது எல்லாம் செய்முறை நினைவைச் சேர்ந்தவை, அது மூளையின் வேறு பகுதிகளை நம்பியிருக்கிறது என்பது இந்த நட்சத்திரத்திலிருந்து கிளம்பிய முடிவு. பிறகு 1972இல் எண்டல் டல்விங் என்ற உளவியலாளர் இன்னொரு கோட்டைப் போட்டார். டெல்லி இந்தியாவின் தலைநகர் என்று அறிந்திருப்பது பொருள் நினைவு. முதன்முதலாக டெல்லி ரயில் நிலையத்தில் இறங்கிய காலை நேரம் மனத்தில் வருவது நிகழ்வு நினைவு. முன்னதில் நாம் இல்லை. பின்னதில் நாம்தான் மையம். வயதான பெற்றோருக்கு ஞாபகம் போய்விட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே, எந்த ஞாபகம் என்று கேட்க வேண்டும். காலையில் மகன் வந்துபோனது நினைவில்லாத தாய், கோலத்தைப் புள்ளி பிசகாமல் போடலாம். அந்தக் கேள்வியைக் கேட்கும் வீட்டில்தான் அவருக்கு இன்னும் எவை கைகூடும் என்பது கண்ணில் படும்.

ஸ்கோவிலும் மில்னரும் 1957இல் கட்டுரை வெளியிட்டார்கள். இந்த அறுவையை வேறு யாரும் செய்யக் கூடாது என்று ஸ்கோவில் வெளிப்படையாக எச்சரித்தார். தம் கையால் நேர்ந்த இழப்பை மறைக்காமல் அச்சிட்டதை அவர் பக்கத்தில் எழுத வேண்டிய நல்ல கணக்காகவே கொள்ள வேண்டும். ஹென்றி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆய்வாளர்களுக்கு ஒத்துழைத்தார். உயிரோடு இருந்தவரை அவர் பெயர் வெளியே தெரியாது, பாடநூல்களில் ஹெச்.எம். என்ற இரண்டு எழுத்துதான். 2008 டிசம்பர் 2 அன்று 82 வயதில் காலமான பிறகுதான் உலகம் அவர் பெயரை அறிந்தது. அடுத்த ஆண்டு சான் டியேகோவில் அவருடைய மூளையை 2,401 மெல்லிய சீவல்களாக வெட்டிப் பாதுகாத்தார்கள்.

இனி அந்தக் குறுகிய கால நினைவைக் கொஞ்சம் பார்க்கலாம். வங்கியிலிருந்து வரும் ஆறு இலக்க ஓடிபியைப் பார்த்து, திரையை மாற்றி, எண்ணை அடிப்பதற்குள் பக்கத்திலிருப்பவர் ஒரு கேள்வி கேட்டால் எண் பறந்துவிடுகிறது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாய்ட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் தம்பதியர் 1959இல் இதையே அளந்தார்கள். மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்வார்கள். உடனே ஓர் எண்ணைக் கொடுத்து அதிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துச் சத்தமாகச் சொல்லச் சொல்வார்கள். மனத்துக்குள் எழுத்துகளைச் சொல்லிப் பார்க்க வழியே இல்லை. 18 விநாடியில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. மூன்றே எழுத்துகள்!

அந்த இடத்தில் எத்தனை உருப்படி பிடிக்கும்? ஏழு, இரண்டு கூடக் குறைய என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். உளவியலில் இவ்வளவு பிரபலமான எண் வேறில்லை. பின்னால் வந்த நெல்சன் கோவன் 2001இல், சொல்லிப் பார்க்கும் உத்திகளைத் தடுத்துவிட்டால் ஏறக்குறைய நான்குதான் என்று காட்டினார். ஆனால் மில்லர் சொன்னதில் எண்ணைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. உருப்படி என்றால் என்ன என்பதை நம் அறிவுதான் தீர்மானிக்கிறது. 1, 9, 4, 7 என்பன தமிழ்நாட்டுச் சிறுவனுக்கு நான்கு இலக்கங்கள் அல்ல, ஒரே உருப்படி. இப்படிச் சேர்த்துக் கட்டுவதைத் தொகுத்தல் என்கிறார்கள்.

தொகுத்தலின் எல்லை எதுவரை போகும் என்பதை கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர் காட்டினார். ஆய்வில் அவருக்கு வைத்த பெயர் எஸ்.எஃப். சாதாரண அறிவுத்திறன், சாதாரண நினைவு. முதல் நாள் ஏழு இலக்கங்கள் வரை திருப்பிச் சொன்னார். வாரத்துக்குச் சில மணி நேரமாக ஏறக்குறைய 20 மாதம், மொத்தம் 230 மணி நேரம் பயிற்சி செய்த பிறகு 79 இலக்கங்கள் சொன்னார். அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். 3492 என்று கேட்டதும் அவர் மனம் அதை 3 நிமிடம் 49.2 விநாடி, ஒரு மைல் ஓட்டத்தில் உலகச் சாதனைக்குப் பக்கத்தில் என்று எடுத்துக்கொண்டது. இலக்கங்களை விட்டுவிட்டு எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறுதான்! அவருடைய குறுகிய கால நினைவு கொஞ்சமும் பெருகவில்லை. ஓட்டப் பந்தய நேரங்களாகச் சேர்ந்திருந்த நீண்ட கால அறிவை அழைத்துவரக் கற்றிருந்தார், அவ்வளவே. கோட்டாற்றுச் செய்குதம்பிப் பாவலர் போன்ற சதாவதானிகளை நம் ஊர் தெய்வ வரம் பெற்றவர்களாகப் போற்றியது. அந்தப் போற்றுதலில் அவர்களுடைய யாப்பறிவும் பல்லாண்டு உழைப்பும் கண்ணில் படாமல் போய்விடக் கூடாது. நினைவாற்றலை வளர்க்கும் என்று விற்கும் மாத்திரைக்கும் விளையாட்டுச் செயலிக்கும் பணம் கட்டுமுன் பெற்றோர் எஸ்.எஃபின் எழுத்துச் சோதனையை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

மில்லரின் ஏழு அவருக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவருடைய குறிப்பேட்டில் இருந்தது. ஹெர்மன் எபிங்ஹாஸ், ஜெர்மானியர். நினைவை அளக்கவே முடியாது என்று எல்லாரும் எண்ணியிருந்த காலத்தில் அளந்தவர். ஆய்வுக்கூடம் கிடையாது, உதவியாளர் கிடையாது, சோதனைக்கு ஆளும் கிடையாது; தம்மையே சோதித்துக்கொண்டார். பொருளுள்ள சொல் என்றால் பழைய பழக்கம் உள்ளே புகுந்துவிடும் என்பதால், அர்த்தமில்லாத அசைகள் சுமார் 2,300 உருவாக்கினார். அவற்றிலிருந்து வரிசைகள் எடுத்து, கடிகார டிக்டிக்குக்கு ஏற்ப ஒரே வேகத்தில் படித்தார். ஏழு அசை வரிசை ஒரே வாசிப்பில் பிடிபட்டது. பன்னிரண்டு அசைக்குப் பதினாறு பதினேழு வாசிப்பு வேண்டியிருந்தது. பதினாறு அசைக்கு முப்பது. பைரனின் கவிதை ஒன்றிலிருந்து அதைவிடப் பல மடங்கு நீளமான பத்திகளை எடுத்தபோதோ ஒன்பது வாசிப்புக்குள் அடங்கின. அர்த்தம் உழைப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கிறது என்று அவர் கணக்கிட்டார்.

மறதியை அளக்க அவர் கண்ட வழி நேர்த்தியானது. எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்காமல், மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். கற்று 20 நிமிடம் கழித்து மறுபடி கற்றால் 58 சதவீத உழைப்பு மிச்சம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆறு நாளில் 25. ஒரு மாதம் கழித்து 21. 1885இல் வெளியான இந்த எண்கள்தான் மறதி வளைகோடு. மறதி சீராக நடப்பதில்லை. முதல் மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் பிறகு மெல்ல மெல்லக் கசிகிறது. ஒரே ஒருவரை வைத்துச் செய்த சோதனை என்று ஐயம் கொள்வது நியாயம். 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய அதே வளைவு வந்தது.

அவர் புத்தகத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. நம் பள்ளிகளில் சுவரில் எழுதி வைக்கத் தக்கது. ஒரு வரிசையை ஒரே நாளில் தொடர்ந்து 68 தடவை படித்ததால் மறுநாள் கிடைத்த பலனை, மூன்று நாளுக்குப் பிரித்துப் படித்தபோது 38 தடவையிலேயே பெற்றார். பாதியை ஒட்டிய உழைப்பு, அதே பலன். இடைவெளி விட்டுப் படிப்பதன் பயன் 140 ஆண்டுகளாக அச்சில் இருக்கிறது. இருந்தும் தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் விழித்திருந்து படிப்பதையே உழைப்பின் அடையாளமாகக் கொண்டாடுகிறோம்.

படிக்கும் விதத்திலும் இதே கதைதான். செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு சிறு அறிவியல் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு சுற்றுப் படித்தது. சராசரியாகப் பதினான்கு தடவை வாசித்து முடித்திருந்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்தது. மூன்று தடவைக்குச் சற்று மேல். பிறகு மூன்று சுற்றிலும் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்து அதே தேர்வு. படித்தவர்கள் 40 சதவீதத்துக்கு இறங்கினார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61இல் நின்றார்கள். நினைவிருக்கும் என்ற நம்பிக்கை யாருக்கு அதிகமாக இருந்தது தெரியுமா? படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு.

இந்த ஏமாற்றத்துக்குக் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஐந்தாவது தடவை படிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு போகின்றன. அந்தச் சுகத்தை நாம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறோம். அது வெறும் அடையாளம் காணல். தேர்வுத் தாள் கேட்பது மீட்டல். முகம் தெரிகிறது, பெயர் நுனி நாக்கில் நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரம் அதுதான். உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் எடுக்கும் வழி பலப்படுகிறது என்பதுதான் ரோடிகரின் முடிவு.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியைச் சட்டாம்பிள்ளையிடம் ஒப்பித்தாக வேண்டும். மனப்பாடக் கல்வி என்று இன்று அதைப் பழிக்கிறோம். பொருள் தெரியாமல் சொல்ல வைத்தது குறையே. எபிங்ஹாஸின் பைரன் கணக்கு அதைச் சொல்லும். ஆனால் ஏட்டை மூடிவிட்டுச் சொல்லச் செய்தது மிகச் சரியான காரியம். இன்றைய மாணவர் பொருளைப் புரிந்துகொண்டு படிக்கிறார், பிறகு ஒப்பிக்காமல் மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டிலும் நல்லது எதுவோ அதைச் சேர்த்துக்கொள்ள எந்தச் செலவும் இல்லை.

இதுவரை சொன்னது மறந்துபோவதைப் பற்றி. மறக்காமல், ஆனால் தவறாக நினைவிருப்பது அதைவிடக் கடுமையான விஷயம். மறந்தவருக்குப் பெரும்பாலும் தாம் மறந்தது தெரியும். தவறாக நினைவிருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் பார்ட்லெட் வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்து, பிறகு சில மணி நேரம், சில மாதம், சில ஆண்டு கழித்துச் சொல்லச் சொன்னார். கதையின் தோணிகள் அவர்கள் வாயில் படகுகளாயின. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. புரியாத ஆவிகள் காணாமல் போயின. அவரவர் ஊர்ப் பழக்கத்துக்குப் பொருந்தாத இடங்கள் எல்லாம் பொருந்தும்படி மாறின. 1932இல் எழுதிய நூலில் அவர் இதற்கு மனவரைவு என்ற கருத்தை முன்வைத்தார். முன்பே மனத்தில் உள்ள வரைவுக்குள் வைத்துத்தான் எதையும் நாம் நினைவுகூர்கிறோம். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுகிறோம்.

சியாட்டிலில் எலிசபெத் லாஃப்டஸ் இதைக் கார் விபத்துக்குக் கொண்டுவந்தார். 1974இல் அவரும் ஜான் பாமரும் மாணவர்களுக்கு விபத்துக் காட்சிகளைப் படமாகக் காட்டிவிட்டு வேகத்தைக் கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே படம்தான். கேள்வியில் ஒரு வினைச்சொல் மட்டும் மாறியது. கார்கள் ஒன்றையொன்று தொட்டபோது என்ன வேகம் என்று கேட்டவர்களுக்குச் சராசரி மணிக்கு 31.8 மைல். நொறுங்க மோதியபோது என்று கேட்டவர்களுக்கு 40க்கு மேல். பதில்தானே மாறியது, நினைவு மாறியதாக எப்படிச் சொல்லலாம் என்று நல்ல வழக்கறிஞர் கேட்பார். அதற்காகவே இரண்டாவது சோதனை வைத்தார்கள். படம் பார்த்து ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. முதலில் மென்மையான சொல்லால் வேகம் கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். நொறுங்க மோதிய என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். இல்லாத கண்ணாடியை ஒரு வினைச்சொல் தரையில் சிதறடித்திருந்தது.

அதிர்ச்சியான சம்பவங்கள் மட்டும் படம் பிடித்ததுபோல் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வானில் வெடித்தது. மறுநாள் காலையே எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர், செய்தியை எங்கே, யார் சொல்லக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வி. நான்கில் ஒருவருக்கு ஒரு விவரம்கூடச் சரியாக இல்லை. ஏறக்குறைய முழுமையாகச் சரியாகச் சொன்னவர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள். அவர்கள் நினைவு தெளிவாகத்தான் இருந்தது, உறுதியாகத்தான் பேசினார்கள். தம் கையெழுத்தில் தாமே எழுதிய தாளைக் காட்டிய பிறகும் பழைய நினைவு யாருக்கும் திரும்பி வரவில்லை. தெளிவும் உறுதியும் உண்மைக்கு அத்தாட்சி ஆகாது.

இதற்கு ஒரு மனிதர் பத்தரை ஆண்டு சிறையில் விலை கொடுத்தார். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1984 ஜூலையில் ஒரு கல்லூரி மாணவி தம் வீட்டில் வன்கொடுமைக்கு ஆளானார். உயிர் பிழைத்தால் இவனை அடையாளம் காட்ட வேண்டும் என்று அந்த நேரத்திலும் அவன் முகத்தை உற்றுப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டார். காவலர்கள் காட்டிய புகைப்படங்களில் ரொனால்ட் காட்டன் என்பவருடையதை எடுத்தார். பிறகு நேரில் நிறுத்திய வரிசையிலும் அவரையே காட்டினார். படத்தில் காட்டிய அதே ஆள்தான் என்று காவலர்கள் சொன்னதும் ஐயம் அறவே நீங்கியது. 1985இல் காட்டனுக்குத் தண்டனை கிடைத்தது. 1987இல் மறு விசாரணை நடந்தபோது உண்மைக் குற்றவாளியையே நீதிமன்றத்தில் அவர் முன் நிறுத்தினார்கள். அந்த மாணவிக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில், அன்று இரவு பார்த்த முகத்தின் இடத்தில் காட்டனின் முகம் வந்து உட்கார்ந்துவிட்டது. 1995இல் மரபணுச் சோதனை காட்டனை விடுவித்தது. பின்னாளில் இருவரும் சேர்ந்தே ஊர் ஊராகச் சென்று, அடையாளம் காட்டும் முறையை மாற்றச் சொல்லிப் பேசினார்கள். 2007இல் அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. யார் மீது சந்தேகம் என்று தெரியாத அதிகாரிதான் அணிவகுப்பை நடத்த வேண்டும், குற்றவாளி அதில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் முன்பே சொல்ல வேண்டும், சாட்சிக்கு எவ்வளவு உறுதி என்பதை அந்த இடத்திலேயே அவர் சொற்களில் பதிய வேண்டும்.

நம் நாட்டுச் சாட்சியச் சட்டம் 1872ஆம் ஆண்டிலேயே, விடையை உள்ளே வைத்துக் கேட்கும் கேள்வியை முதல் விசாரணையில் எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் நீதிமன்ற அனுமதியின்றிக் கேட்கக் கூடாது என்று வகுத்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் அந்த விதியைக் காக்கிறது. உளவியல் பிறந்துகொண்டிருந்த காலத்தில் வழக்கறிஞர்கள் அனுபவத்தால் கண்ட உண்மை அது. ஆனால் சாட்சி கூண்டில் ஏறுவதற்கு மாதங்களுக்கு முன்பே, சில வேளை ஆண்டுகளுக்கு முன்பே, நினைவு மாற வேண்டிய அளவு மாறிவிடுகிறது. சம்பவ இடத்தில் கூடியவர்கள் பேசும் பேச்சு, நிலையத்தில் முதலில் கேட்கும் கேள்வி, தொலைக்காட்சியில் ஓடும் படம், கைபேசியில் வரும் புகைப்படம் எல்லாம் அதில் கை வைக்கின்றன. அந்த முதல் சில மணி நேரத்துக்குத்தான் காப்பு வேண்டும். 'அந்தச் சிவப்புக் கார் எவ்வளவு வேகமாக வந்தது' என்று தொடங்காமல், 'என்ன பார்த்தீர்கள், சொல்லுங்கள்' என்று தொடங்கி, அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாதிருந்தால் போதும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, பயிற்சி வேண்டும்.

இந்த அவையில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், பெற்றோர் இருக்கிறீர்கள், வழக்கறிஞர்களும் இருக்கிறீர்கள். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: நாளைய வகுப்பின் முதல் ஐந்து நிமிடம், நேற்றுப் படித்ததைப் புத்தகத்தைத் திறக்காமல் எழுதச் சொல்லுங்கள், மதிப்பெண் போடாதீர்கள். அதையே வாரம் கழித்தும் மாதம் கழித்தும் ஒருமுறை கேளுங்கள். பெற்றோர், இரவு பத்து மணிக்கு மேல் பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி வையுங்கள். சாலையில் விபத்தையோ வேறு எதையோ நேரில் பார்த்தவர் எவரானாலும், அடிபட்டவருக்கு வேண்டியதைச் செய்த பிறகு, யாரிடமும் அதைப் பேசுவதற்கு முன்பே பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, தேதியும் நேரமும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.